திரைக்குத் துவாய் போட்டவர்

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப் போவதில்லை. தன் பெயரை யாரும் எங்கும் எழுதி வைப்பது அவருக்குப் பிடிக்காது. கடைக்கு ஒரு பெயர்ப்பலகைகூட அவர் போட்டதில்லை.

மருதனார்மடம் சந்தியில் சந்தைக்குப் பின்பக்கமாகப் போகிற ஒழுங்கையில், ஒரே அறையை நாங்கள் இருவரும் பாதி பாதியாக வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பாதி என்னுடையது. போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பேன், தட்டச்சுச் செய்வேன், பென்சனுக்கும் பாஸ்போட்டுக்கும் வருகிறவர்களின் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்பேன். ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அப்பால் இருந்த பின்பாதியில் அவர் பழைய கணினிகளைத் திருத்தினார். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கமாட்டார். வந்தவர் தடுப்பில் தட்டிக் கூப்பிட வேண்டும்.

அவரிடம் வந்த கணினிகள் எல்லாம் வயதானவை. வெளிநாட்டில் இருக்கிற மகன் எப்போதோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது, கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்டது, செத்துப்போன தகப்பன் பாவித்தது, இப்படி. முறைப்பாடு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

“அண்ணை, சுவிச்சைப் போட்டிட்டு, தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டு நிக்குது.”

அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். “உள்ளை இருக்கிற தட்டுக் களைச்சுப் போச்சு. மிசினை எறியாதேங்கோ. எஸ்எஸ்டி ஒண்டு போட்டுத் தாறன்” என்பார்.

சுழல்கிற பழைய தட்டைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையளவான ஒரு மெல்லிய பெட்டியைப் பூட்டுவார். அதற்குள் சுழல்கிற எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. பழைய தட்டில் இருந்தவை எல்லாம் அப்படியே அதற்குள் வந்துவிடும். வாங்கிப் போக வருகிறவர்கள் சுவிச்சைப் போட்டதும் கண் சிமிட்டுவதற்குள் திரை விரிந்துவிடும். “அட, இது எங்கடை மிசினோ!” என்று பிள்ளைகளைப்போலச் சிரிப்பார்கள். பின்பாதியில் இருந்து சிரிப்புச் சத்தம் வருவது அந்த ஒரு நேரத்தில்தான்.

பழையதிலிருந்து புதியதுக்குப் பிரதி எடுக்க நெடுநேரம் செல்லும். தட்டுப் பழுதாகியிருந்தால் ஒரு பகல் முழுவதும் இழுபடும். அந்த நேரம் முழுக்க அவர் திரைக்குமேல் ஒரு துவாயைப் போட்டு மூடி வைத்திருப்பார். வேலை முடிந்து கணினி திறக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும் அல்லவா? துவாயின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே வசனம்தான்.

“எல்லாம் இருக்கோ எண்டு நீங்கள்தான் பாக்கவேணும். நான் ஒண்டும் பாக்கேல்லை.”

சிலர் சிரித்தார்கள். சிலர், இவ்வளவு சொல்லுகிற மனிதன் பார்த்துத்தான் இருப்பார் என்று என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்கள். முதலில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பக்கத்தில் இருந்து கண்டபிறகுதான் நம்பினேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு வீட்டில் என்ன கறி என்பது மத்தியானத்துக்கு முன்னரே நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். என் கணவர் என்னையும் மகனையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனபோது, போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் அதைக் கேட்கவே வந்தார்கள். அண்ணை ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தாங்கமுடியாமல் நான் அழுதுகொண்டிருந்த ஒரு நாளில், தடுப்புக்கு அப்பால் இருந்து ஒரு கோப்பை பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் என் மேசையில் வந்து இருந்தன. அவர் முகம் வரவில்லை. கை மட்டும் வந்து போனது. அந்த நாட்களில் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒருமுறை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வயதான ரீச்சர் வந்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற, வெள்ளைச் சேலை கட்டிய அம்மா. கணவர் இறந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் பாடிப் பதிவுசெய்து வைத்த பாட்டுகள் பழைய கணினியில் இருந்தன, கணினியோ திறக்க மறுத்தது. அண்ணை அதோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டி, எல்லாவற்றையும் புதியதுக்கு எடுத்துக் கொடுத்தார். பாட்டு வந்தது. ரீச்சர் அழுதா. பிறகு, “தம்பி, நீரும் இருந்து கேளும். நல்லாப் பாடுவார்” என்றா.

அண்ணை எழும்பி வெளியில் போய்விட்டார். நடு வெயிலில், ஒழுங்கையின் எதிர்ப்பக்க மதிலோடு, பாட்டு முடியும்வரை நின்றார். ரீச்சருக்கு மனம் நொந்துவிட்டது.

அவ போனபிறகு கேட்டேன். “ஏன் அண்ணை, கேட்டால் என்ன? பாட்டுத்தானே?”

“அவர் எனக்கெண்டு பாடேல்லைத் தங்கச்சி.”

அதற்குமேல் அவரோடு கதைக்க முடியாது.

இன்னொரு முறை, சீருடை இல்லாமல் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். தமிழ் கதைத்தார்கள், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. ஏதோ எழுதிவிட்டதாக ஒரு பொடியனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கணினி அண்ணையிடம் இருப்பது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் இருப்பதைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார்கள்.

“மிசின் என்ரை இல்லை. அவரிட்டைக் கேளுங்கோ. இல்லாட்டி கோட்டாலை ஓடர் கொண்டு வாங்கோ” என்றார் அண்ணை.

“உள்ளே என்ன இருக்குது என்று உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியாது. நான் பாக்கேல்லை.”

ஒருவன் அவருடைய கதிரையிலேயே உட்கார்ந்துகொண்டான். அண்ணை நின்றபடியே ஒரு சின்னத் திருகாணியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். கடைசியில் அவர்கள் எழும்பிப் போனார்கள். அன்றைக்கு அண்ணையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதற்கு அடுத்த கிழமை அந்தப் பொடியன் கணினியை வாங்க வந்தபோது, அண்ணை வழக்கமான வசனத்தை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆட்கள் தேடி வந்ததைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் சைக்கிளில் ஏறப் போகையில் நான் ஓடிப்போய் மறித்துச் சொன்னேன். பொடியன் வெளிறிப்போனான். பிறகு கொஞ்சக் காலம் அவன் ஊரில் இல்லை.

உள்ளே வந்து அண்ணையை ஏசினேன். “சொல்லியிருக்கலாமே?”

“நான் சொல்லிப் பழகேல்லை” என்றார். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் அவரே சொன்னார். மழை ஊற்றிக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை, கடையில் ஒருவரும் இல்லை. நான் எதையோ கேட்கவும் இல்லை.

“அந்த நாளையிலை ஆமி சுற்றிவளைச்சால் எல்லாரையும் பள்ளிக்கூட முற்றத்திலை இருத்துவாங்கள். சாக்காலை முகம் மூடின ஒருத்தன் வாகனத்துக்குள்ளை இருப்பான், தலையாட்டி. நாங்கள் ஒவ்வொருத்தராய் முன்னாலை போகவேணும். அவன் தலையை ஆட்டினால் சரி, ஆள் முடிஞ்சுது. என்ரை அண்ணைக்கு ஆட்டினவன்.”

கூரை ஒழுகிய இடத்துக்கு ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“சாக்குக்குள்ளை இருந்தது ஆரெண்டு எனக்குத் தெரியும். கால் தெரிஞ்சுது. எங்கடை தெருப் பொடியன். கெட்டவன் இல்லைத் தங்கச்சி. அவனுக்கு எல்லாரையும் தெரியும், அவ்வளவுதான். தெரிஞ்சவனைத்தான் பிடிச்சுக்கொண்டுபோய் அடிச்சு இருத்துவாங்கள். ஒண்டும் தெரியாதவனை என்ன செய்யிறது?”

அவர் அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தத் தெருப் பொடியனும் பிறகு வரவில்லை.

இனி ஒரு பெண்பிள்ளையைப்பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊர் பண்டத்தரிப்புப் பக்கம். கம்பஸில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தாய் ரீச்சராக இருந்து, புற்றுநோயில் இறந்தவர். தகப்பன் தோட்டம் செய்கிறவர். அவளுக்கு மூத்தவன் ஒரு தமையன். தாய் பாவித்த பழைய லப்டொப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, இதைக் கெதியா வேலை செய்ய வைக்க ஏலுமே? புதுசு வாங்கு வாங்கு எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கு இதுதான் வேணும்” என்றாள். அதன் மூடியில் தாய் ஒட்டி வைத்த பூப் படம் பாதி உரிந்து கிடந்தது. நான் பின்னால் அழைத்துப்போனேன். அண்ணை காதை வைத்துக் கேட்டார். “தட்டு உள்ளுக்கை அடிபடுது. நல்லவேளை இப்ப கொண்டு வந்தீங்கள்” என்றார்.

ஒன்றிரண்டு நாள் கழித்து அவளுடைய தமையன் மோட்டார்சைக்கிளில் வந்தான். உயரமான, துப்புரவாக உடுத்த இளைஞன். மரியாதையாகத்தான் தொடங்கினான்.

“அண்ணை, என்ரை தங்கச்சியின்ரை லப்டொப் இஞ்சை கிடக்காம். அதிலை இருக்கிற படங்கள், மெசேஜ் எல்லாத்தையும் ஒரு பென்ட்ரைவ்விலை போட்டுத் தாங்கோ.”

“அவ கேட்டவவோ?”

“நான் கேக்கிறன். நான் சொந்தத் தமையன்.”

“தந்தது அவ. அவவிட்டைத்தான் குடுப்பன்.”

தடுப்புக்கு இப்பால் இருந்து எனக்கு எல்லாம் கேட்டது. தமையனின் குரல் உயர்ந்தது. “அரியாலைப் பக்கத்துப் பொடியன் ஒருத்தனோடை திரியிறாள். கடலுக்குப் போற குடும்பம். ஊர் சிரிக்குது. நாளைக்கு ஏதும் நடந்தால் நீங்களே பொறுப்பு?”

“தம்பி, நான் மிசின் திருத்துறவன். அவ்வளவுதான்.”

அவன் போகும்போது என் மேசையில் இருந்த பேனைக் குவளையைத் தட்டி விழுத்திவிட்டுப் போனான். நான் பேனைகளைப் பொறுக்கிக்கொண்டே, பிள்ளை வரும்போது முதல் வேலையாக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் மகனுக்குக் காய்ச்சல். டெங்குவோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வைத்துக்கொண்டார்கள். நான் திரும்பிக் கடைக்கு வந்தபோது அவள் வந்து லப்டொப்பை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

“தமையன் வந்ததைச் சொன்னனீங்களோ?” என்று கேட்டேன்.

“இல்லை. அது அவையின்ரை வீட்டு அலுவல்.”

அவளுடைய தொலைபேசி எண் பற்றுச்சீட்டில் இருந்தது. உடனே கோல் எடுத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான் இருந்தது. அதன்பிறகு ஒரு காலையில், சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த பெண் ஒருத்தி என் கடை வாசலில் நின்று, பண்டத்தரிப்பில் ஒரு கம்பஸ் பிள்ளையைக் கிணற்றுக்குள்ளிருந்து சவமாக எடுத்தார்களாம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் இல்லாத பிள்ளையாம். தண்ணீர் அள்ளப் போய் வழுக்கியதாம்.

நான் தடுப்பைத் தாண்டி உள்ளே போனேன். அண்ணையும் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. யாரோ ஒருவருடைய பெட்டி மேசையில் திறந்து கிடந்தது. அதற்குள் கையை விட்டபடி அசையாமல் இருந்தார்.

சந்தேகச் சாவு என்பதால் உடலை எரிக்க அனுமதி கிடைக்கவில்லை, புதைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். உடலில் காயங்கள் இருந்தனவாம். கிணற்றுக் கட்டில் அடிபட்டு வந்திருக்கலாம் என்றும் வேறுமாதிரி வந்திருக்கலாம் என்றும் வைத்தியர் எழுதியிருந்தாராம். வீட்டில் எந்தச் சண்டையும் இருக்கவில்லை, அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள் என்று வீட்டார் பொலிசில் சொன்னார்கள். அயலும் அதையே சொன்னது.

செத்தவீடு முடிந்து சில நாளில் அந்த அரியாலைப் பொடியன் கடைக்கு வந்தான். கறுத்து மெலிந்த, கண் வீங்கிய பொடியன். மேசைக்கு முன்னால் நின்று, எதைக் கேட்பது என்று தெரியாமல், கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான்.

“அக்கா, அவள் கடைசியா எனக்குக் கோல் எடுத்தது இஞ்சை இருந்து போகேக்கை. லப்டொப் இப்ப நல்லா வேலை செய்யுதெண்டு சொன்னவள். அதோடை போன் நிண்டு போச்சு. அவளின்ரை வீட்டிலை பிரச்சினை இருந்ததெண்டு நான் சொன்னால் ஒருத்தரும் நம்பினம் இல்லை. என்ரை சாதியைச் சொல்லிப் பேசிக் கலைக்கினம். உங்களுக்கு ஏதும் தெரியுமே?”

நான் வாயைத் திறக்கும் முன் தடுப்புக்குப் பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அண்ணை வெளியில் வந்தார். அந்த அறைக்கு வந்த காலத்திலிருந்து, கூப்பிடாமல் அவர் ஒருவரோடு கதைக்க முன்பக்கம் வந்ததை நான் கண்டதில்லை.

“முதல்நாள் தமையன் வந்தவர்” என்றார். “அவவின்ரை மிசினைக் கேட்டவர். நான் குடுக்கேல்லை.”

பொடியன் அவரையே பார்த்தான். “இதைக் கோட்டிலை வந்து சொல்லுவீங்களோ?”

வெளியே ஒரு மினிபஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“சொல்லுவன்.”

“நானும் வாறன். எனக்கும் கேட்டது” என்றேன்.

நீதிமன்றத்தில் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். பிறகு அண்ணை சாட்சிக் கூட்டில் ஏறினார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். தமையன் ஒரு பக்கமாக நின்றான். அவனுக்குப் பின்னால் தகப்பன் ஒரு நீள வாங்கின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

தமையன் வந்தது, கேட்டது, தான் மறுத்தது எல்லாவற்றையும் அண்ணை சொன்னார். நீதவான் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் அந்தப் பெண் வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டார்.

“மிசினைத் திறந்து காட்டினனான், ஐயா. அவவுக்குச் சரியான சந்தோசம். பிறகு சொன்னவ, ‘முந்தி எங்கடை அண்ணா இதைத் திறக்கப் பாத்திட்டு, இது திறக்கிறதுக்கிடையிலை அலுத்துப்போய் விட்டிட்டான். இனி அவனும் திறப்பான், நான் பாஸ்வேட் போடவேணும்’ எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ.”

இது நான் கேள்விப்படாதது.

“அவர் அப்படிச் சொன்னபோது, அண்ணன் முதல்நாள் வந்து விசாரித்ததை நீங்கள் அவருக்குத் தெரிவித்தீர்களா?”

“இல்லை.”

“ஏன்? உங்களை யாராவது பயமுறுத்தினார்களா?”

“இல்லை, ஐயா.”

“அப்படியானால் பயத்தினால் அல்ல?”

அண்ணை கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பயம் எண்டு சொல்லேலாது, ஐயா. பழக்கம்.”

நீதவான் பேனையை வைத்தார். பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை.

வீட்டில் பிரச்சினையே இல்லை என்ற கதை அதோடு உடைந்தது. அவளை அறையில் பூட்டி வைத்திருந்ததையும், லப்டொப்பைத் திறக்கச் சொல்லி அடித்ததையும் அயலவர் ஒருவர் பிறகு ஒப்புக்கொண்டார். தமையன் விளக்கமறியலுக்குப் போனான், சில மாதங்களில் பிணையில் வந்தான். கிணற்றடியில் நடந்தது என்னவென்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வழக்குத் தவணை தவணையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அரியாலைப் பொடியன் ஒவ்வொரு தவணைக்கும் வந்து, கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போகிறான்.

எங்கள் கடைக்கு ஒரு விடியலில் யாரோ கழிவு ஒயில் ஊற்றிவிட்டுப் போனார்கள். கழுவக் கழுவ நாற்றம் போகவில்லை. ஆனால் அண்ணையை முடித்தது அது இல்லை. ஆட்கள் வருவது நின்றதுதான். வாயைக் காக்கிற மனிதன் என்று சொல்லித் தூரத்திலிருந்தும் தேடி வந்தவர்கள், இப்போது கோட்டில் போய்ச் சொன்னவன் என்றார்கள். அந்தப் பிள்ளைக்காக மனம் நொந்தவர்களோ, சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாதவன் என்றார்கள். இரண்டு பக்கமும் அவரிடம் வரவில்லை. அவர் வெறும் மேசைக்கு முன்னால் இருந்தார். துவாய் மடித்தபடி ஆணியில் தொங்கியது.

என்னிலும் ஒரு பகுதி அவரை மன்னிக்கவில்லை. அதை அவர் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். பிளேன்ரீ கொண்டுவந்து வைக்கும்போது முன்னைப்போலக் கையை மட்டும் நீட்டாமல், முன்னால் வந்து நின்று, நான் எடுத்துக் குடிக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார்.

வன்னியில் இருக்கிற தமக்கையோடு போய் இருக்கப் போவதாக ஒருநாள் சொன்னார். நான் மறிக்கவில்லை. சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார். அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் பிள்ளையின் தகப்பன் வந்தார்.

சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு அவர் வாசலில் ஏறியதைக் கண்டு நான் தட்டச்சை நிறுத்தினேன். மகள் மண்ணுக்குள். மகன் அப்போது இன்னும் மறியலுக்குள். மகனை உள்ளே அனுப்பிய சாட்சி இந்த மனிதர். சத்தம் போடப் போகிறார், அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, தடுப்பைத் தாண்டி உள்ளே போனார். நானும் எழும்பிப்போய் இடைவெளியில் நின்றேன்.

அண்ணை எழும்பி நின்றார். தகப்பன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தோட்ட மண் நகத்திலேயே இருந்தது.

“நான் சண்டைக்கு வரேல்லை, தம்பி. நீரும் இரும்.”

அண்ணையும் உட்கார்ந்தார்.

“நீர் அவளிட்டைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்குமெண்டு நான் யோசிக்காத நாள் இல்லை. அதே மாதிரி, அவள் அறைக்குள்ளை அழேக்கை நான் ஏன் அந்தக் கதவை உடைக்கேல்லை எண்டும் யோசிக்கிறன். தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போனனான். மகன் தங்கச்சிக்குப் புத்தி சொல்லுறான் எண்டு போனனான். அதை விடும். அதைக் கதைக்க நான் வரேல்லை.”

வெளியே சந்தையில் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

“அவள் கடைசியா வெளியிலை வந்தது உம்மடை கடைக்குத்தான். பிறகு அவன் வெளிக்கிட விடேல்லை. பூட்டினாப்பிறகு அவளின்ரை முகத்தை நான் சரியாப் பாக்கேல்லை. எனக்கு முன்னாலை வர அவள் விரும்பேல்லை.” தகப்பன் நகத்து மண்ணைச் சுரண்டினார். “அண்டைக்கு இஞ்சை வரேக்கை என்ன மாதிரி இருந்தவள்? அதைத்தான் கேக்க வந்தனான்.”

அண்ணை என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ‘நான் ஒண்டும் பாக்கேல்லை’ என்பார்.

“மழை தூறிக்கொண்டிருந்தது, ஐயா” என்று தொடங்கினார். “குடை கொண்டு வரேல்லை. மஞ்சள் சட்டை. இந்தப் பக்கத்துத் தோள் நனைஞ்சிருந்தது. துடைக்கச் சொல்லித் துவாயைக் குடுத்தனான், வேண்டாம் எண்டவ. இந்தக் கதிரையிலை இருக்கச் சொன்னன், இருக்கேல்லை. நிண்டுகொண்டு, மேசையிலை முழங்கையை ஊண்டிக்கொண்டு குனிஞ்சு பாத்தவ. இடது கைச் சின்னிவிரலிலை நீல மை பிரண்டிருந்தது.”

தகப்பன் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தார்.

“சுவிச்சைப் போட்டதும் அவவின்ரை அம்மாவின்ரை படம் முன்னுக்கு வந்தது. ஒரு பூவரச மரத்துக்குக் கீழை நிக்கிற படம், பச்சைச் சேலை. முந்தி அந்தப் படம் வாறதுக்கு எவ்வளவு நேரம் செல்லுமோ தெரியாது, இப்ப உடனே வந்திட்டுது. அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ. ‘அம்மா, கெதியா வந்திட்டியள்’ எண்டு அந்தப் படத்துக்குச் சொன்னவ.”

அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. பிளேன்ரீ கேட்டாள், சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடித்தாள், பாதியை வைத்துவிட்டாள். கம்பஸ் சோதினை கிட்ட வருகிறது என்றாள். லப்டொப்பை பைக்குள் வைக்கும்போது மூடியில் உரிந்திருந்த பூவை விரலால் அழுத்தி ஒட்டிப் பார்த்தாள். ஒழுங்கை முடக்கில் ஒரு நாய் படுத்திருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் கதைத்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. முன்பக்கத்தில் யாரோ வந்து மேசையில் தட்டினார்கள். நான் போகவில்லை.

தகப்பன் கையை நீட்டி அண்ணையின் முழங்காலில் வைத்தார்.

“மெல்லச் சொல்லும், தம்பி” என்றார். “எனக்கு அவசரம் இல்லை.”